பனிமலையில் கழி, கோபர்கைரனேயில் மதகு

இமாசலப் பிரதேசத்தின் சோட்டா ஷிக்ரி பனியாற்றை டில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2002 முதல் ஆண்டுதோறும் அளந்தனர். பேராசிரியர் ஏ.எல். ராமநாதன் அவர்களில் ஒருவர். முறை எளியது. பனிக்கட்டியில் துளையிட்டு மூங்கில் கழிகளை இறக்குவார்கள். மறுமுறை போகும்போது கழி எவ்வளவு கூடுதலாக வெளியே நிற்கிறதோ, அவ்வளவு பனி கரைந்துவிட்டது. பெரும்பாலான ஆண்டுகளில் வரவைவிடச் செலவே அதிகம்.

கோபர்கைரனேவாசிக்கு இதனால் என்ன?

ஒரு பனியாறு கடலை உயர்த்திவிடாதுதான். ஆனால் கிரீன்லாந்து, அண்டார்க்டிகா பனியும் கரைகிறது. சூடேறிய கடல்நீரும் விரிகிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. ஒரு சாண் அளவுதானே என்று தள்ளிவிட முடியாது. தானே கடற்கழியை ஒட்டிய நவி மும்பையின் தாழ்வான பகுதிகளில் மழைநீர் தேக்கக் குளங்களில் சேர்ந்து, கடல் வற்றும்போதுதான் மதகு வழியே வெளியேறும். கடல் ஏறினால் மதகு மூடிக்கொள்ளும். கடல்மட்டம் உயர உயர, மதகு திறந்திருக்கும் நேரம் குறையும். அப்போது அடைமழை பிடித்தால் தண்ணீர் முதலில் நுழைவது தரைத்தள வீடுகளில்தான்.

குளங்களோ சேறு தூர்ந்து கிடக்கின்றன. அதில் அலையாத்தி மரங்கள் முளைத்துவிட்டதால், அவற்றை அகற்றித் தூர்வார உயர்நீதிமன்ற அனுமதி வேண்டும். அந்த மரங்களும் கரைக்குக் காவல் என்பதால் நிபந்தனை நியாயமே. அனுமதிக்கான கோப்பு நகரும் வேகந்தான் கவலைக்குரியது.