ஒரு எழுத்துத் தப்பு, ஊரெல்லாம் அலைச்சல்!

"அட, ஒரு எழுத்துதானே! விடுங்க சார்!"

காரைக்கால் கடைத்தெருவில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். ரேஷன் கார்டில் பெயர் தப்பாக இருக்கும். அல்லது அப்பாவின் இனிஷியல் மாறியிருக்கும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள்.

அந்த "அப்புறம்" எப்போது வரும்? மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று வரும். பாஸ்போர்ட்டுக்கு மனுப் போடும்போது வரும். "இது நீங்கதானா?" என்று கேட்பார்கள். நானேதான் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். காகிதம் கேட்பார்கள்!

தப்பு செய்தவர் ஒருவர். அலைகிறவர் இன்னொருவர்.

காரைக்காலுக்கு இதில் தனிச் சங்கடம் உண்டு. 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர் இது. 1954 நவம்பர் 1-ந் தேதிதான் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. பாட்டனார் பெயர் பிரெஞ்சுப் பதிவேட்டில் இருக்கும். பேரன் பெயர் ஆங்கிலச் சான்றிதழில் இருக்கும். "முத்து" என்ற பெயரில் வரும் "உ" ஓசைக்கு ஆங்கிலத்தில் "யு" ஒன்றே போதும். பிரெஞ்சுக்காரர் "ஓ, யு" என்று இரண்டு எழுத்துப் போடுவார்கள். எது சரி? இரண்டும் சரி! ஆனால் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு ஆளாகத் தெரியும்.

தப்பைத் திருத்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. 1969-ம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-வது பிரிவு அதைச் சொல்கிறது. பதிவேட்டில் பழைய எழுத்தை அழிக்கக் கூடாது. ஓரத்தில் சரியானதை எழுத வேண்டும். பதிவாளர் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். பிரெஞ்சுப் பதிவேட்டிலும் இப்படி ஓரத்தில் குறிப்பு எழுதுவதுதான் வழக்கம்.

எவ்வளவு நல்ல முறை! தப்பை மறைக்க வேண்டாம். ஒப்புக்கொண்டு, பக்கத்தில் சரியானதை எழுதினால் போதும்.

ஆதாரில் பெயரை இரண்டு தடவைதான் மாற்றலாம். பிறந்த தேதியை ஒரே தடவை. ஆகவே திருத்தும்போதே தப்பு விழுந்தால் போச்சு!

கவுண்டரில் நின்று நிதானமாகப் படித்துப் பார்க்கிறவரை, "பெரிய சட்டம் பேசுறாரு" என்று பின்னால் நிற்பவர்கள் கேலி செய்கிறார்கள். கேலி வேண்டாம். அவர் செய்வதுதான் சரி. அதற்காகக் குமாஸ்தா மீது எரிந்து விழவும் கூடாது. காலையிலிருந்து பெயர் பெயராக எழுதிக் களைத்தவர் அவர்.

அச்சடிப்பதற்கு முன்னால் "பெயர் சரிதானா, பாருங்க" என்று குமாஸ்தா ஒரு வார்த்தை கேட்கலாம். அரை நிமிஷம்தான் ஆகும். தப்பு அலுவலகத்தில் விழுந்ததானால், காசு வாங்காமல் அங்கேயே திருத்திக் கொடுக்கலாம்.

அரை நிமிஷத்தில் முடிகிற காரியத்துக்கு ஒரு குடும்பம் மாதக்கணக்கில் அலைய வேண்டுமா?