படியும் கிராமும்

ஜான் டெய்லர் நிறுவனத்தார் கோலார் தங்கவயலில் சுரங்கம் நடத்திய காலத்தில், சுரங்கத்தின் ஆழம் அடிக்கணக்கிலும், எடுத்த தங்கம் அவுன்சுக் கணக்கிலும் சொல்லப்பட்டன. வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர் வீடுகளிலோ படியும் உழக்கும் ஆழாக்குமே புழங்கின. சந்தையில் கன்னடத்துச் சேரும் பாவும் இருந்தன.

இன்று கடையில் வாங்கும் பொட்டலங்களில் கிராமும் லிட்டரும் மட்டுமே அச்சிடப்படுகின்றன. பழைய அளவுகளையும் உடன் அச்சிட்டால் முதியோர்க்கு எளிதாகுமே என்பர் சிலர். அன்பினால் எழும் எண்ணம்தான், ஆயினும் ஏற்கத்தக்கதன்று. எட்டு ஆழாக்கு ஒரு படி என்று வாய்பாடு சொல்லும். ஆனால் பெரிய படி, சின்னப் படி, பட்டணம் படி எனப் படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியது. குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்பதிலும் வழக்கு எழும். அந்த வழக்கில் பெரும்பாலும் தோற்றவர், கூலியை எண்ணி அரிசி வாங்கியவரே. 1956ஆம் ஆண்டு எடையளவுச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே அளவைக் கொண்டுவந்தது. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் அதனையே வலியுறுத்துகிறது.

ஆயினும் அச்சிட்ட எண்ணைப் படிக்காவிடில் பயனில்லை. எண்ணெய் உறையை எடுத்துக்கொள்வோம். சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம். எண்ணெய் சூட்டில் விரியும். எனவே 60 பாகை வெப்பத்தில் அளந்தால், குறைவான எண்ணெயே ஒரு லிட்டர் ஆகிவிடும். வாங்குவோர் லிட்டரை மட்டும் பார்த்து ஏமாறுவர். வெப்பநிலையைக் குறிப்பிட்டுக் கொள்ளளவு காட்டுதல் கூடாது, எடையையும் சேர்த்து அச்சிட வேண்டும் என நடுவண் அரசின் நுகர்வோர் துறை 2022ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. சூடு ஏறினாலும் இறங்கினாலும் மாறாதது எடையே. ஆகவே உறையில் முதலில் தேடவேண்டியது கிராம் எண்தான். விலை மாறாமல் எடை மட்டும் குறைந்துவிடும் சவர்க்காரத்தையும் பிஸ்கட்டையும் அந்த எண்ணே காட்டிக்கொடுக்கும்.

தங்கம் விளைந்த ஊரிலும் தமிழர் வீட்டு நகைப் பேச்சு பவுனில்தான் நடக்கிறது. ரசீதிலோ 8 கிராம் என்றே இருக்கும். அதில் தவறொன்றும் இல்லை. பேச்சுக்கு ஓர் அளவும் பணம் கொடுக்க ஓர் அளவும் இருக்கலாம்.

அடுக்களையிலும் அப்படியே. ஐந்து கிலோ என்று அரிசிப் பையில் எழுதியிருக்கும். இன்றைய சோற்றுக்கு எவ்வளவு அரிசி, அதற்கு எவ்வளவு தண்ணீர் என்பதைப் பாட்டியின் பித்தளை ஆழாக்கு சொல்லும்.