எய்தவர் இருக்க, அம்பை நோவதா?

ஆதாயம் வந்தால், "எமது ஆற்றலின் விளைவு" என்பர். அவக்கேடு வந்தால், "கீழே உள்ளோர் செய்த பிழை" என்பர். பெரும் நிறுவனங்களின் உச்சியிலே வீற்றிருப்போர் பலர் கைக்கொண்டுள்ள நீதி இது. இந்த நீதி எங்ஙனம் இயங்குகிறது என்பதை அறிந்திட, அமெரிக்கப் பெருவங்கிகளிலே ஒன்றான வெல்ஸ் ஃபார்கோவின் கதையை விடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. கடலுக்கு அப்பால் நடந்ததுதான். எனினும் கருத்திலே நிறுத்திக்கொள்ள வேண்டியது.

1852இலே துவக்கப்பட்ட வங்கி அது. குதிரைகள் பூட்டிய கோச்சு வண்டி அதன் சின்னம். அதன் மேலிடத்தார் ஓர் இலக்கு வகுத்தனர்: வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் எட்டுக் கணக்குகளோ சேவைகளோ விற்றாக வேண்டும். சேமிப்புக் கணக்கு, நடப்புக் கணக்கு, கடன் அட்டை என்று அடுக்கிக்கொண்டே போகவேண்டும். ஏன் எட்டு? ஆங்கிலத்திலே 'எட்டு' எனும் சொல்லும் 'சிறப்பு' எனும் சொல்லும் ஓசையிலே இயைந்து வருகின்றனவாம்! வாடிக்கையாளரின் தேவை என்ன, வருவாய் என்ன என்று பார்த்து வகுத்த இலக்கு அல்ல அது; ஓசை நயம் பார்த்து வகுத்த இலக்கு!

இலக்கு மேலே பிறந்தது. அதன் சுமை கீழே இறங்கியது. கிளைகளிலே பணிபுரிந்த எளிய ஊழியரிடம், இன்று எத்தனை விற்றாய் என்ற கேள்வி நாள்தோறும் எழுந்தது. இலக்கை எட்டாதவருக்கு ஏச்சு. வேலை போய்விடுமோ என்ற அச்சம். விளைவு என்ன? வாடிக்கையாளர் கேளாமலே, அறியாமலே, அவர்தம் பெயரிலே கணக்குகள் முளைத்தன. பொய்யான மின்னஞ்சல் முகவரிகள் ஏடேறின. ஒரு கணக்கிலிருந்த பணம், உடையவர் அனுமதியின்றி மற்றொரு கணக்குக்குத் தாவிற்று. தாம் கேளாத கணக்குக்குக் கட்டணம் செலுத்தினோரும் உண்டு. 2013 டிசம்பரிலேயே லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் ஏடு, விற்பனை நெருக்கடியின் கொடுமையை அம்பலப்படுத்திற்று. எனினும் இலக்கு தொடர்ந்தது.

2016 செப்டம்பர் 8 அன்று, வங்கிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்புகளும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர வழக்கறிஞரும் சேர்ந்து 18.5 கோடி டாலர் தண்டம் விதித்தனர். அனுமதியின்றித் திறக்கப்பட்டிருக்கக்கூடிய கணக்குகள் ஏறத்தாழ 20 லட்சம் என்றனர். மறு ஆண்டு அந்த எண்ணிக்கை 35 லட்சம் வரை உயர்ந்தது. ஐந்து ஆண்டுகளிலே வேலைநீக்கம் செய்யப்பட்டோர் ஏறத்தாழ 5,300 பேர்!

எண்ணிப் பாருங்கள். ஒருவர் தவறினால், அது அவர்தம் ஒழுக்கக்கேடு எனலாம். பத்துப் பேர் தவறினால், கண்காணிப்பிலே குறை எனலாம். பல ஊர்களிலே, பல கிளைகளிலே, ஒருவரையொருவர் அறியாத 5,300 பேர் ஒரே தவற்றை, ஒரே முறையிலே செய்தனர் என்றால், அந்தத் தவறு பிறந்த இடம் கிளையல்ல, தலைமையகம்! தவறு கண்டு வாய்திறந்தோர் கதியோ வேறு. இருவர் செய்த மோசடியைப் பற்றிப் புகார் கூறியபின் வேலையிழந்த ஒரு மேலாளருக்கு, 54 லட்சம் டாலர் அளித்து மீண்டும் பணியிலே அமர்த்துமாறு 2017இலே தொழிலாளர் துறை உத்தரவிட நேர்ந்தது.

கீழே இப்படி, மேலே எப்படி? கிளைகள் அனைத்துக்கும் தலைவியாக இருந்த கேரி டோல்ஸ்டெட் ஓய்வு பெறுகிறார் என்று 2016 ஜூலையிலே அறிவிப்பு வந்தது. பாராட்டுரையும் உடன் வந்தது. வேலைநீக்கம் அல்ல, ஓய்வு! செப்டம்பர் 20 அன்று தலைமை நிர்வாகி ஜான் ஸ்டம்ப் செனட் குழு முன் நின்றார். முறைகேடு நடந்த காலத்திலே பெற்ற ஊதியத்தில் ஒரு காசாவது திருப்பித் தந்தீரா என்று செனட்டர் எலிசபெத் வாரன் கேட்டார். நாடே பார்த்துக்கொண்டிருந்தது. அதன்பின் ஏழே நாட்களில் இயக்குநர் குழு விழித்துக்கொண்டது! ஸ்டம்ப்பிடமிருந்து 4.1 கோடி டாலர், டோல்ஸ்டெட்டிடமிருந்து 1.9 கோடி டாலர் பெறுமான பங்குகள் பறிக்கப்பட்டன. அக்டோபர் 12 அன்று ஸ்டம்ப் பதவி விலகினார். 2017 ஏப்ரலிலே மேலும் பறிக்கப்பட்டது. ஒவ்வொருவரும் இழந்தது 6.5 கோடி டாலருக்கு மேல். ஐந்து ஆண்டுகளிலே பிறவாத மனச்சாட்சி ஏழு நாட்களிலே பிறந்தது எனில், பிறப்பித்தது எது? மக்கள் மன்றத்தின் கோபம்தான்!

"இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஊழியர், ஒவ்வொருவர் செய்வதையும் தலைவர் அறிவாரோ?" என்று வாதிடுவோர் உளர். நியாயமான கேள்விதான், விடையும் உண்டு. ஒரு வாடிக்கையாளருக்கு எத்தனை விற்றோம் என்ற எண்ணை முதலீட்டாளரிடம் பெருமையுடன் காட்டி வந்தது அந்தத் தலைமை. அந்த எண் உயர்ந்தபோது பரிசு பெறத் தெரிந்தவருக்கு, அது எப்படி உயர்ந்தது என்று கேட்கத் தெரியாமற் போனது ஏன்? உயர்ந்த ஊதியம் எதற்கு? பெரும் பொறுப்பு என்பதற்காகத்தானே! பொறுப்பை மறுப்பவர், அதற்கான ஊதியத்தை மட்டும் எங்ஙனம் உரிமையாக்கிக்கொள்வது?

வங்கியின் மீது தண்டம் விதித்தால் போதாதா? போதாது. 2020 பிப்ரவரியிலே 300 கோடி டாலர் செலுத்திற்று வங்கி. அது யார் பணம்? பங்குதாரர் பணம், அவர்களுள் முதியோரின் ஓய்வூதிய நிதிகளும் உண்டு. தவறு செய்யத் தூண்டியவர் பையிலிருந்து போனதல்ல.

தனிமனிதரைத் தேடி நீதி வந்தது. ஆனால் மெல்ல வந்தது. 2020 ஜனவரியிலே ஸ்டம்ப்புக்கு 1.75 கோடி டாலர் தண்டமும், வங்கித் தொழிலிலே ஈடுபட வாழ்நாள் தடையும். ஆய்வாளர்களுக்கு இடையூறு செய்த குற்றத்தை 2023இலே டோல்ஸ்டெட் ஒப்புக்கொண்டார். சிறையல்ல, நன்னடத்தைக் கண்காணிப்பும் வீட்டுக்காவலும் தண்டனையாயின. கீழே 5,300 பேருக்குத் தீர்ப்பு உடனுக்குடன். மேலே இருவருக்கோ ஆண்டுக்கணக்கில்!

முறையான விதி வேண்டும். வங்கி ஊக்க ஊதியத்துக்கு விதி வகுக்குமாறு 2010இலேயே அமெரிக்கச் சட்டம் கட்டளையிட்டது. 2011இலும் 2016இலும் வரைவுகள் வந்தன, நிறைவு பெறவில்லை. பிரிட்டனிலோ, 2015 முதல் வழங்கப்படும் ஊக்கத்தொகையை ஏழு ஆண்டுகள் வரை திரும்பப் பெற வழியுண்டு. இந்திய ரிசர்வ் வங்கியும் 2019 நவம்பரிலே, தனியார் வங்கித் தலைவர்களின் ஊக்க ஊதியத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைக்கவும், கேடு வெளிப்பட்டால் மீட்கவும் நெறி வகுத்தது.

நெறி ஏட்டிலே இருந்தால் மட்டும் போதாது, தோழர்களே! அதை எடுத்து ஆளும் கை வேண்டும். ஆளவைக்கும் மக்கள் குரல் வேண்டும். வங்கியிலே உள்ளது உழைப்பவன் சேமித்த பணம். எங்கேனும் ஒரு நிறுவனம் தவறு செய்து, "ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுத்துவிட்டோம்" என்று அறிக்கை விடும்போது, அத்துடன் அமைதி கொள்ளாதீர். இலக்கை வகுத்தவர் யார், அதனாலே பரிசு பெற்றவர் யார், அந்தப் பரிசு திரும்பியதா என்று கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள். அம்பை ஒடித்துவிட்டு வில்லாளிக்கு மாலை சூட்டும் வழக்கம், அந்தக் கேள்விக்குத்தான் அஞ்சும்.