தண்டனைக்கு முன் ஓர் உரையாடல்

சிறார் ஆபாசக் காணொலிகளைக் கைப்பேசியில் பதிவிறக்கம் செய்து வைத்திருந்ததாகச் சென்னை இளைஞர் ஒருவர் மீது தொடரப்பட்ட வழக்கை 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை விலக்கி, இத்தகைய காட்சிகளை அழிக்காமல் சேமித்து வைத்திருப்பதும் போக்சோ சட்டத்தின் 15-ஆவது பிரிவின்கீழ் குற்றமாகலாம் என்று விளக்கியது. சட்டத்தைப் பொருள்கொள்வதில் இரு தீர்ப்புகளும் எதிரெதிராக நின்றன. ஆயினும் ஒரு கவலை இரண்டுக்கும் பொதுவாக இருந்தது. ஆபாசக் காணொலிப் பழக்கத்தில் சிக்கும் இளைய தலைமுறையைத் தண்டிப்பதைவிட அறிவுரை கூறி நெறிப்படுத்தும் முதிர்ச்சி சமூகத்துக்கு வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். பாலியல் கல்வி குறித்து நம்மிடையே உள்ள தவறான எண்ணங்கள் நீங்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

நீதிமன்றங்கள் கூறிய அந்த அறிவுரையை யார், எப்போது, எந்தச் சொற்களால் வழங்குவது என்பதுதான் இன்றைய பெற்றோர் முன்னுள்ள கேள்வி. எட்டாம் வகுப்பு படிக்கும் மகனின் கைப்பேசியில் ஆபாசத் தளங்களின் பட்டியலைக் காணும் தந்தை, பெரும்பாலும் கையை ஓங்குகிறார், கைப்பேசியைப் பறிக்கிறார். தாய் அழுகிறார். பின்னர் அந்தப் பேச்சே வீட்டில் எழுவதில்லை. சிக்கல் தீர்ந்துவிட்டது என்று பெற்றோர் நம்புகின்றனர். உண்மையில் அந்தச் சிறுவன் கற்றுக்கொண்டது, இனி அகப்படாமல் பார்ப்பது எப்படி என்பதை மட்டுமே.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, இணையவழி வகுப்புக்காக லட்சக்கணக்கான குழந்தைகளின் கைகளில் கைப்பேசியைக் கொடுத்தவர்கள் நாம்தான். பள்ளிகள் திறந்த பின்னரும் பல வீடுகளில் அது திரும்ப வாங்கப்படவில்லை. மலிவான தரவுக் கட்டணமும் தனியறையும் சேர்ந்துவிட்ட நிலையில், குழந்தை தேடிச் செல்லாவிட்டாலும் ஆபாசம் அதனைத் தேடி வந்துவிடுகிறது. இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் 2023-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, அங்குள்ள இளையோர் முதன்முதலில் ஆபாசக் காட்சியைக் காணும் சராசரி வயது 13 என்றது. பலர் அதனைக் கண்ட இடம் ஆபாசத் தளம்கூட அல்ல, சமூக ஊடகம். நமது நாட்டில் 2018-இல் 800-க்கும் மேற்பட்ட தளங்களை முடக்க அரசு உத்தரவிட்டது. மாற்றுப் பெயர்களிலும் பிற செயலிகள் வழியாகவும் அவை மீண்டும் வந்து சேர்ந்ததை நாம் பார்த்தோம். தடை தேவைதான். ஆனால் தடையை மட்டும் நம்பியிருக்க முடியாது.

இங்கு 'அடிமை' என்ற சொல்லை எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் நோய்கள் வகைப்பாடு, இணைய விளையாட்டுப் பழக்கத்தை அடிமைநிலைகளின் வரிசையில் வைத்துள்ளது. ஆபாசப் பழக்கத்துக்கு அவ்வாறு தனிப் பெயர் அளிக்கவில்லை. கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை என்ற பொதுவான குறைபாட்டையே அது வரையறுக்கிறது. ஆறு மாதங்களோ அதற்கு மேலோ தன்னைக் கட்டுப்படுத்த இயலாமல், படிப்பு, உடல்நலம், உறவுகள் பாதிக்கப்பட்ட பின்னரும் ஒருவர் அதனைத் தொடர்வதே அதன் அடையாளம். வளரிளம்பருவத்தினரிடம் இயல்பாகக் காணப்படும் மிகுந்த பாலியல் ஆர்வத்தை இந்தக் குறைபாடாகக் கருதக் கூடாது என்றும், ஒழுக்கம் சார்ந்த குற்ற உணர்ச்சியால் மட்டுமே எழும் மன வேதனை இதற்குப் போதுமான சான்றாகாது என்றும் அந்த வகைப்பாடு தெளிவுபடுத்துகிறது.

இதன் பொருள் பெற்றோருக்கு முக்கியமானது. நான்கைந்து முறை பார்த்துவிட்ட சிறுவனை 'அடிமை' என்றோ 'கெட்டுப்போனவன்' என்றோ முத்திரை குத்தினால், அந்த முத்திரையே அவனுக்குச் சுமையாகிவிடும். வெட்கத்திலிருந்து தப்பிக்க அவன் மீண்டும் அதே திரையை நாடுவான். பார்த்த பின் வெட்கம் இன்னும் பெருகும். இன்பத்தை நாடும் மூளைப் பகுதிகள் பதின்பருவத்தில் வேகமாக விழித்துக்கொள்கின்றன. விளைவை எண்ணிப் பார்த்துத் தன்னை அடக்கும் முன்மூளைப் பகுதியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ச்சியடைந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு நொடியும் புதிய காட்சியை நீட்டும் தொழில்நுட்பத்துக்கும் இந்த முதிராத கட்டுப்பாட்டுக்கும் இடையே நடப்பது சமமற்ற போட்டி. தோற்கும் பிள்ளைக்கு ஒழுக்கமில்லை என்று முடிவுகட்டுவது நியாயமாகாது.

அதற்காக ஆபாசத்தால் தீங்கில்லை என்று கூறிவிட முடியாது. உடலுறவு என்றால் என்னவென்று வேறெவரும் சொல்லித் தராத வயதில், வன்முறையையும் பெண்ணை இழிவுபடுத்துவதையும் இயல்பெனக் காட்டும் காட்சிகளே பாடநூலாகிவிடுகின்றன. ஒருவரின் ஒப்புதல் என்பது அங்கே கேட்கப்படுவதே இல்லை. தன் உடலைத் திரையிலுள்ள உடல்களோடு ஒப்பிட்டுக் குறுகிப்போகும் பிள்ளைகளும் உண்டு. இது ஆண்பிள்ளைகளின் சிக்கல் மட்டுமே என்ற எண்ணத்தால், பெண்பிள்ளைகள் இன்னும் ஆழமான மௌனத்துக்குள் தள்ளப்படுகின்றனர்.

ஆகவே, தெரியவந்த முதல் நாளில் பெற்றோர் செய்ய வேண்டியது சற்றுப் பொறுத்திருப்பதே. கோபம் தணிந்த பின், தம்பி தங்கையர் இல்லாத நேரத்தில், தந்தையோ தாயோ ஒருவர் மட்டும் பேசுவது நல்லது. 'இந்த வயதில் இதில் ஆர்வம் வருவது இயல்பு. ஆனால் நீ பார்த்தது நடிப்பு. நிஜ உறவு அப்படி இருக்காது. இதை நிறுத்த முடியவில்லை என்று உனக்குத் தோன்றினால் என்னிடம் சொல், நான் திட்ட மாட்டேன்' என்ற அளவில் பேச்சு போதும். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டியதில்லை. எப்போது பார்க்கத் தோன்றுகிறது என்று கேட்டால், பல வேளைகளில் விடை பாலியலைப் பற்றியதாக இருக்காது. தேர்வு அச்சம், தனிமை, உறக்கமின்மை, வீட்டில் ஓயாத சண்டை ஆகியவை வெளிப்படும். சரிசெய்யப்பட வேண்டிய இடம் அதுவாகவும் இருக்கலாம்.

பேச்சோடு சில ஏற்பாடுகளும் வேண்டும். இரவு பத்து மணிக்குமேல் வீட்டிலுள்ள அனைவரின் கைப்பேசிகளும் கூடத்தில் மின்னேற்றப்படட்டும். இந்த விதி பெற்றோருக்கும் பொருந்தினால்தான் பிள்ளைகள் அதை ஏற்பர். தேடுபொறியின் பாதுகாப்பு வடிகட்டியையும் பெற்றோர் கட்டுப்பாட்டு வசதியையும் பிள்ளைக்குத் தெரிவித்துவிட்டே பயன்படுத்த வேண்டும். மறைவாக உளவு பார்ப்பது வெளிப்படும் நாளில் எஞ்சியிருக்கும் நம்பிக்கையும் போய்விடும். விளையாட்டு, நண்பர்கள், உறக்கம் என அந்த நேரத்தை நிரப்ப வேறொன்று இல்லாவிட்டால், பறித்த இடம் வெற்றிடமாகவே நிற்கும்.

சட்டத்தையும் அச்சுறுத்தாமல் எடுத்துச் சொல்ல வேண்டும். 18 வயதுக்குட்பட்டோரை ஆபாசமாகக் காட்டும் காட்சிகளைத் தேடுவது, பார்ப்பது, பதிவிறக்குவது ஆகியவை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்கீழ் குற்றம். வகுப்புத் தோழியின் அந்தரங்கப் படத்தை வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதும் இதற்குள் அடங்கும் என்பதைப் பல மாணவர்கள் அறிந்திருக்கவில்லை. அதைவிட அவசரமானது, படத்தை வெளியிட்டுவிடுவதாக மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களின் ஆபத்து. வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பிள்ளையின் அச்சத்தையே அந்தக் கும்பல்கள் முதலீடாக்குகின்றன. அந்த அச்சம் சில பிள்ளைகளை உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை தள்ளிவிடக்கூடும். 'எது நடந்தாலும் அப்பாவிடம் சொல்லலாம்' என்ற உறுதி உள்ள பிள்ளையிடம் மிரட்டல் எடுபடாது. இத்தகைய குற்றங்களைத் தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும், பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணிலும் புகார் செய்யலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

உறக்கம், படிப்பு, நட்பு அனைத்தும் குலைந்து, தானே விரும்பியும் நிறுத்த முடியாத நிலை மாதக்கணக்கில் நீடித்தால் உளவியல் ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ அணுகத் தயங்கக் கூடாது. மத்திய அரசின் டெலி-மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் கிடைக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை, தொழில்நுட்பத்தைச் சீராகப் பயன்படுத்த உதவும் தனிப் பிரிவை 2014 முதலே நடத்திவருகிறது.

அரசுக்கும் பொறுப்புண்டு. வளரிளம்பருவத்தினரின் நலனுக்கான தேசியத் திட்டம் 2014-இல் தொடங்கப்பட்டது. ஆயினும் இனப்பெருக்கப் பாடத்தை 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று கடந்து செல்லும் வகுப்பறைகள் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் பயிற்சி பெற்ற ஆலோசகர், வயதுக்கேற்ற பாலியல் கல்வி, பெற்றோர் கூட்டங்களில் மதிப்பெண்ணோடு இதனையும் பேசும் வழக்கம் ஆகிய மூன்றும் பெரும் செலவு பிடிப்பவை அல்ல.

பிள்ளைகள் பாலியலைப் பற்றி எப்படியும் அறிந்துகொள்ளத்தான் போகின்றனர். அதனைப் பெற்றோரும் ஆசிரியரும் சொல்லித் தருவதா, லாப நோக்கில் இயங்கும் காணொலித் தளங்கள் சொல்லித் தருவதா என்பதை மட்டுமே நாம் தீர்மானிக்க முடியும். நாம் பேசாதிருக்கும் ஒவ்வொரு நாளும் அந்தத் தளங்களுக்கே வாய்ப்பாகிறது.