கஞ்சியை நிறுத்தினால் போர் நிற்காது

“சண்டை நடக்கிற இடத்துக்கு அரிசி அனுப்பினால் அதைத் துவக்கு வைத்திருப்பவன்தான் தின்பான். அவன் வயிறு நிறைந்தால் சண்டை இன்னும் நாலு மாதம் நீளும். அனுப்பாமல் இருப்பதுதான் அந்தச் சனங்களுக்குச் செய்யும் உதவி.”

இதை அரசாங்கப் பேச்சாளர்கள் மட்டும் சொன்னால், அது அவர்களுடைய அரசியல் என்று விட்டுவிடலாம். வெள்ளம், சுனாமி என்றால் முதல் ஆளாகப் பணம் தருகிறவர்களும் போர் என்றதும் இதையே சொல்கிறார்கள். விவரம் அறிந்தவர் பேச்சுப்போல ஒலிப்பதால் எதிரே இருப்பவரும் தலையாட்டிவிடுகிறார். இந்த எண்ணம் பிழை. வெறும் பிழையாக இருந்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. இது ஆட்களைக் கொன்றிருக்கிறது. இலங்கையின் வடக்கில், எங்கள் வன்னியிலேயே கொன்றது. அதனால் தமிழ் பேசும் ஒருவர் வாயிலிருந்து இதைக் கேட்கும்போது எனக்குப் பொறுக்க முடிவதில்லை.

பொருளை மறித்தால் போர் சுருங்கும் என்பதை இலங்கையில் பன்னிரண்டு ஆண்டுகள் நடத்திப் பார்த்துவிட்டார்கள். 1990 நடுப்பகுதியில் வடக்கின்மீது விழுந்த பொருளாதாரத் தடை 2002 ஜனவரியில்தான் எடுக்கப்பட்டது. பற்றரி குண்டுக்குப் போகும், யூரியா வெடிமருந்தாகும், சீமெந்து பங்கராகும் என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு காரணம் இருந்தது. மருந்துகளுக்கும் கட்டுப்பாடு இருந்தது. சனம் எப்படிச் சீவித்தது என்பதை அந்தக் காலத்தில் அங்கே இருந்த எந்தக் குடும்பத்திடமும் கேட்கலாம். ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சை வைத்து, அது நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, திரியேற்றி, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின.

தடை குறிவைத்த விடுதலைப் புலிகள் என்ன ஆனார்கள்? 1996இல் முல்லைத்தீவுப் படைமுகாமைப் பிடித்தார்கள். 2000 ஏப்ரலில் ஆனையிறவைப் பிடித்தார்கள். தடையின் பத்தாவது ஆண்டில் அவர்களுடைய பலம் முன்னெப்போதையும்விட அதிகமாக இருந்தது. அவர்களுக்குக் கடல் இருந்தது, சொந்தக் கப்பல்கள் இருந்தன, வெளிநாட்டிலிருந்து பணம் வந்தது. பற்றரி இல்லாமல் போனதும் மருந்து இல்லாமல் போனதும் இவை எதுவும் இல்லாத வீடுகளுக்குத்தான்.

பிறகு 2008 வந்தது. ஜனவரியில் அரசு புலிகளோடு செய்திருந்த போர்நிறுத்த உடன்படிக்கையிலிருந்து விலகியது. செப்டெம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது, தொண்டு நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேற வேண்டும் என்றது. ஐ.நா. அலுவலக வாசலில் சனம் கூடி, போக வேண்டாம் என்று மன்றாடியது. அந்தக் காட்சி படமாகவே இருக்கிறது. 16ஆம் திகதி ஐ.நா. வாகனங்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பின. செஞ்சிலுவைச் சங்கம் மட்டும் தங்கியது.

நிவாரணம் கைமாறிவிடும் என்று உண்மையிலேயே அஞ்சுகிறவர் என்ன செய்வார்? எண்ணுகிற ஆட்களைக் கூட்டுவார். லொறியோடு ஆள் போய், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடை வாசலில் நின்று, குடும்ப அட்டையைப் பார்த்து மூட்டையைக் கணக்கெடுக்கச் சொல்வார். 1949இல் ஜெனீவா உடன்படிக்கையை எழுதியவர்களுக்கும் இதே அச்சம் இருந்தது. பொருள் வேறு கைக்குப் போகும் என்று பலமான காரணம் இருந்தால் மறுக்கலாம் என்று நான்காவது உடன்படிக்கையின் 23ஆவது பிரிவில் இடம் விட்டார்கள். பங்கீட்டை நடுநிலையானவர்கள் மேற்பார்வை செய்ய வேண்டும் என்று நிபந்தனை போடலாம் என்பதையும் அதே பிரிவில் எழுதினார்கள். வன்னியில் மேற்பார்வை செய்யக்கூடியவர்களை முதலில் வெளியே அனுப்பினார்கள். அதன்பிறகு, மேற்பார்வை இல்லாத இடத்துக்கு எதை நம்பிப் பொருள் அனுப்புவது என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை நியாயமான கேள்வி என்று நம்மில் பலரும் ஏற்றுக்கொண்டோம்.

2008 ஒக்டோபர் முதல் 2009 ஜனவரி வரை உலக உணவுத் திட்டத்தின் பதினொரு லொறித் தொடரணிகள் உள்ளே போயின. அதோடு தரைவழி முடிந்தது. பெப்ரவரியிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் புதுமாத்தளன் கரைக்குக் கொஞ்சம் உணவைக் கொண்டுபோய், காயக்காரரை ஏற்றிக்கொண்டு திரும்பியது.

உள்ளே எத்தனை பேர்? அந்தப் பெப்ரவரியில் ஏறத்தாழ 70,000 பேர்தான் என்று கொழும்பு சொன்னது. அங்கேயே நின்று வேலை செய்த முல்லைத்தீவு மாவட்ட அதிகாரிகள் மூன்று இலட்சத்துக்கு மேல் என்று எழுதினார்கள். எழுதிய அதிகாரிக்கு, பிழையான தகவல் கொடுத்தால் ஒழுக்காற்று நடவடிக்கை என்று பதில் வந்தது. ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கையில் இது இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் இன்னும் 10,000 பேரே உள்ளே என்று அரசு சொன்னபோது, ஐ.நா.வின் கணக்கில் இருந்த எண் 1,27,177. எல்லாம் முடிந்தபின் செட்டிகுளம் மெனிக் பாமிலும் மற்ற முகாம்களிலும் முட்கம்பிக்குள் இருந்தவர்கள் ஏறத்தாழ 2,80,000 பேர்.

இதை அரிசியாக மாற்றிப் பாருங்கள். தலைக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோ என்றால் 70,000 பேருக்கு 35 தொன். மூன்று இலட்சம் பேருக்கு 150 தொன். கொழும்பின் கணக்குப்படி ஒரு மணி குறையாமல் அனுப்பியிருந்தாலும் நாளொன்றுக்கு 115 தொன் குறையும். அந்த 115 தொன்னைப் புலிகள் தின்னவில்லை. அது எந்தக் கப்பலிலும் ஏறவேயில்லை. களவு போகும் என்று பயந்து பேசுகிறவர்கள், காகிதத்தில் ஓர் எண்ணை மாற்றுவதால் மறைந்துபோகும் உணவைப்பற்றி ஏன் வாயே திறப்பதில்லை? வன்னியில் நடந்த ஆகப் பெரிய உணவுக் களவு அதுதான்.

புலிகளைப்பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் நிவாரணத்தில் கை வைத்தார்கள். பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தப்பிப் போக முயன்ற சனத்தைச் சுட்டார்கள். இதே நிபுணர் குழு இவற்றையும் பதிவு செய்திருக்கிறது, எங்கள் சனமும் சொல்லியிருக்கிறது. ஆனால் இந்தக் குற்றங்கள் என் வாதத்தைப் பலப்படுத்துகின்றன. ஒருவன் சனத்தைப் பிடித்து வைத்திருக்கிறான் என்றால் அந்தச் சனம் அவனுடைய ஆட்கள் இல்லை, அவனிடம் சிக்கியவர்கள். சிக்கியவர்களின் சாப்பாட்டை நிறுத்தி அவனைத் தண்டிப்பது என்ன நியாயம்? உணவு குறையும்போது துவக்கு வைத்திருப்பவன் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்வான். எவ்வளவு குறைத்தாலும் அவன் பங்கு குறையாது.

கடைசி மாதங்களில் சனம் குடித்தது கஞ்சி. அரிசி, தண்ணீர், உப்பு. தேங்காய் அகப்பட்ட நாளில் கொஞ்சம் பால். அந்த நினைவாக ஒவ்வொரு மே மாதமும் அதைக் காய்ச்சி ஊற்றுகிறோம். குழந்தைகளுக்குப் பால்மா அபூர்வமாக வந்தது. ஏப்ரல் 8ஆம் திகதி அம்பலவன்பொக்கணையில் பால்மாவுக்காகத் தாய்மாரும் பிள்ளைகளும் வரிசையில் நின்றபோது எறிகணை விழுந்தது. இறந்த தாய்மாரில் சிலருடைய கையில் பால்மா அட்டை அப்படியே இருந்தது. வைத்தியர்கள் மயக்க மருந்து கேட்டு, நோய்த்தொற்றுக்கு மருந்து கேட்டு, குருதிப் பைகள் கேட்டுக் கடிதம் எழுதியபடியே இருந்தார்கள். மயக்க மருந்து போதாமல் கை கால்களை வெட்டினார்கள். குழந்தையின் பால்மாவும் வெட்டப்படும் காலுக்கான மயக்க மருந்தும் எந்தப் போரை நீட்டியிருக்கும்?

இன்னும் சந்தேகம் இருந்தால் வணங்காமண் கப்பலைப் பாருங்கள். புலம்பெயர்ந்த தமிழர்கள் ஐரோப்பாவில் சேர்த்த 884 தொன் உணவும் மருந்தும் அதில் வந்தன. 2009 ஜூன் தொடக்கத்தில் இலங்கைக் கடற்படை அதை மறித்துச் சோதித்தது. ஆயுதம் எதுவும் இல்லை. ஆனாலும் திருப்பி அனுப்பினார்கள். அது சென்னைக்கு வந்தது. அங்கே இறக்கப்பட்ட பொருள்கள் வேறு கப்பலில் கொழும்புக்குப் போய், துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்தன. திகதியைக் கவனியுங்கள். போர் மே மாதமே முடிந்துவிட்டது. நீட்டிக்கப் போர் இல்லை, தின்னப் புலி இல்லை, சனம் முழுவதும் அரசின் முட்கம்பிக்குள் இருந்தது. அப்போதும் பொருள் போய்ச் சேரவில்லை. உதவியைத் தடுத்ததற்குக் காரணம் புலிகளின் வயிறுதான் என்றால், அந்த வயிறு இல்லாமல் போனபின் தடுத்தது எதற்காக?

எதிர்த் தரப்பின் பலமான சாட்சி கோமா. 1994இல் ருவாண்டாவில் இனப்படுகொலை செய்த படையும் குழுக்களும் அகதிகளோடு அகதிகளாக எல்லை தாண்டி, அப்போது சயிர் எனப்பட்ட நாட்டில் கோமா நகரைச் சுற்றியிருந்த முகாம்களில் இருந்துகொண்டு, ஆள் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டி உணவை எடுத்து விற்று மறுபடி ஆயுதம் சேர்த்தார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு மனம் ஒப்பாமல் அந்த நவம்பரில் வெளியேறியது. நடந்தது உண்மை, கொடுமையும்தான். ஆனால் அந்த முகாம்களில் ஆயுதக்காரரைச் சனத்திடமிருந்து பிரிக்கப் படை தாருங்கள் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் நாடு நாடாகக் கேட்டார். நாடுகள் தரவில்லை. காவல் போடாத வல்லரசுகளின் குற்றத்தை, அரிசிக்காக வரிசையில் நின்றவர்கள் தலையில் ஏற்றுவதற்குக் கோமாவை எடுத்துக்காட்டக் கூடாது.

களவைக் குறைக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. களத்தில் வேலை செய்தவர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். 1992இல் சோமாலியாவில் ஆயுதக் குழுக்கள் மூட்டை மூட்டையாகக் கொள்ளையடித்தன. உணவு அரிதாக இருந்ததால் ஒரு மூட்டைக்குத் துவக்கின் பெறுமதி இருந்தது. செஞ்சிலுவைச் சங்கம் நாடெங்கும் 900க்கு மேற்பட்ட சமையலறைகளைத் திறந்து, ஏறத்தாழ பத்து இலட்சம் பேருக்குச் சமைத்தே போட்டது. சமைத்த சோற்றைப் பதுக்க முடியாது, சந்தையில் விற்க முடியாது, அடுத்த வாரச் சண்டைக்கு எடுத்து வைக்கவும் முடியாது. அதோடு தானியம் நிறைய வரவர அதன் விலை இறங்கும். விலை இறங்கினால் கொள்ளையடிப்பதில் லாபம் இல்லை. களவுக்கு மருந்து இன்னும் அதிக உணவு என்பது கேட்க விநோதமாக இருக்கலாம். ஆனால் உணவைக் குறைத்த எந்த இடத்திலும் அது ஆயுதக்காரன் கையில் இன்னும் பெரிய ஆயுதமாகவே ஆகியிருக்கிறது.

இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க முடியாதபடி சூடான் இருக்கிறது. 2023 ஏப்ரலில் தொடங்கிய அந்தப் போரில், சாட் நாட்டு எல்லையிலுள்ள அட்ரே வழியாக எதிரிக்கு ஆயுதம் போகிறது என்று சொல்லி 2024 பெப்ரவரியில் இராணுவத் தரப்பு அதை உதவிக்கு மூடியது. ஆயுதம் வேறு வழிகளில் வந்துகொண்டேயிருந்தது. ஆறு மாதம் கழித்து ஆகஸ்டில் பாதை திறந்தபோது, அல்-ஃபாஷிர் நகருக்குப் பக்கத்திலுள்ள சம்சம் முகாமில் பஞ்சம் என்று அறிவித்தாகிவிட்டது. அல்-ஃபாஷிரை மறுதரப்பான துணைப்படை சுற்றிவளைத்து உணவை மறித்தது. உள்ளே இருந்தவர்கள் அம்பாஸ் தின்றார்கள். நிலக்கடலையில் எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சுகிற சக்கை அது. நாம் மாட்டுக்கு வைக்கிற கடலைப் புண்ணாக்கு. 2025 ஒக்டோபரில் அந்த நகரம் துணைப்படையிடம் விழுந்தது.

காசாவிலும் இதே பேச்சுத்தான். ஹமாஸ் திருடுகிறது என்று சொல்லி 2025 மார்ச்சில் இஸ்ரேல் எல்லாவற்றையும் மூடியது. அமெரிக்க அரசின் உதவி முகமைக்குள்ளேயே நடந்த ஆய்வில், பெருமளவில் அப்படி நடந்ததற்கு ஆதாரம் அகப்படவில்லை. ஆகஸ்டில் காசா நகரப் பகுதியில் பஞ்சம் உறுதியானது.

சூடானில் இன்று சனத்துக்குச் சோறு போடுவது பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்கள் நடத்தும் அவசர உதவிக் குழுக்களின் பொதுச் சமையலறைகள். 2025 தொடக்கத்தில் அமெரிக்கப் பணம் நின்றபோது அவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை மூடப்பட்டன. அங்கே எதை அனுப்பினாலும் துவக்குக்காரனுக்குத்தான் போகும் என்று அடுத்தமுறை யாராவது உங்களிடம் சொன்னால், எண்ணிப் பார்க்க ஆட்களை உள்ளே விடுவதற்கு நீங்கள் சம்மதமா என்று கேளுங்கள். சம்மதம் என்பவரோடு உட்கார்ந்து பேசுங்கள், வழி இருக்கிறது. சம்மதமில்லை என்பவருடைய பேச்சைக் கேட்டுக் கையை இழுத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சமையலறைகளுக்குப் பணம் கொண்டுபோகிற அமைப்பு எது என்று விசாரித்து, உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்.