நாற்காலி வந்தது, உட்காரும் தைரியம் வந்ததா?

சட்டம் போட்டா மனிதரை உட்கார வைப்பது என்று சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் அப்படித்தான் நடந்திருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் தமிழகச் சட்டசபை 2021-இல் திருத்தியது. கடைச் சிப்பந்திகள் அனைவருக்கும் ஆசன வசதி இருக்க வேண்டும்; வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பதே புதிய 22-ஏ பிரிவின் சாரம்.

இந்த உரிமை உலகுக்குப் புதிதல்ல. கடைகளில் பெண் சிப்பந்திகள் மூவருக்கு ஓர் ஆசனமாவது வேண்டும் என்று பிரிட்டன் 1899-லேயே விதித்தது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நின்று வேலை செய்யும் ஆலைத் தொழிலாளிக்கு இவ்வசதியை அளித்தது. தமிழகத்துக் கடைச் சிப்பந்தியோ அதன் பின் 73 ஆண்டுகள் காத்து நின்றார். கேரளத்தில் கோழிக்கோடு முதலிய ஊர்களில் கடைப் பெண்கள் போராடிய பின்னரே, 2018-இல் அங்கே வழி பிறந்தது. தமிழகம் அடுத்து வந்தது.

நின்றால் என்ன கெட்டுவிடும்? நடக்கும்போது கெண்டைக்கால் தசை இயங்கி, ரத்தத்தை மேலே தள்ளுகிறது. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் ரத்தம் காலில் தேங்குகிறது. பாதம் வீங்குகிறது, நாளடைவில் நரம்பு சுருண்டு புடைக்கிறது. இடுப்பு வலியைக் கேட்கவே வேண்டாம்.

சிப்பந்தி உட்கார்ந்திருந்தால் வாடிக்கைக்காரருக்கு மரியாதைக் குறைவு என்பது முதலாளிகள் சிலர் சொல்லும் சமாதானம். வங்கியிலும் தபாலாபீசிலும் உட்கார்ந்திருப்பவரிடம்தானே நாம் பணத்தை நீட்டுகிறோம்? அங்கே குறையாத மரியாதை ஜவுளிக்கடையில் மட்டும் குறைந்துவிடுமா?

சட்டம் நாற்காலியைத் தந்துவிட்டது. மேற்பார்வையாளரின் முறைப்புக்கு அஞ்சுகிறவருக்கு அதில் உட்காரும் தைரியத்தை யார் தருவது? மூலையில் கிடக்கும் ஸ்டூல்களை எண்ணிவிட்டுத் திரும்புவது சோதனை ஆகாது. தொழிலாளர் துறை அதிகாரிகள் கூட்டமில்லாத மதிய வேளையில் சென்று, அவற்றில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நமக்கும் இதில் பங்கு உண்டு. "அவசரமில்லை, உட்காருங்கள் அம்மா" என்று சொல்லக் காசு செலவில்லை. வாடிக்கைக்காரர் முகம் சுளிப்பதில்லை என்று தெரிந்துவிட்டால், முதலாளி சொல்வதற்குச் சாக்கு ஏது?