அடுப்படிப் பேச்சு: கழற்றி எடுக்கக்கூடிய சுவர்



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்திருந்தேன். "அக்கா, அடுப்புக்குப் பின்னால் சுவர் கரிபிடித்து, தொட்டால் கை கறுக்கிறது. டைல்ஸ் பதிக்கலாம் என்றால் இந்த வீடு எங்களுடையது இல்லை. நாளைக்கு எழும்பச் சொன்னால் காசு வீண்தானே?" என்று கேட்டிருந்தார். வன்னியிலிருந்து வந்து, ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் தாய்வீட்டு லயத்தில் இருக்கும் சகோதரி அவர். இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு நானும் இரண்டு வருடம் சுவரைத் தொடாமல் இருந்தவள்தான்.

எங்கள் குடும்பம் 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் போனது. 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு தடவையும் அப்படிப் போனவர்கள் ஏராளம். காடு வெட்டினோம், கிணறு தோண்டினோம், கல்வீடு கட்டினோம். 2002இல் ஏ9 பாதை திறந்து சாமான்கள் வரத் தொடங்கிய பின், 2004இல் ஆசைப்பட்டுக் குசினிக்கு வெள்ளை டைல்ஸ் பதித்தேன். 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோம். மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குள் மூன்று கல் வைத்துச் சமைத்தபோது அந்த டைல்ஸ்தான் அடிக்கடி நினைவுக்கு வந்தது. எத்தனை பேரை இழந்திருக்கிறோம், போயும் போயும் டைல்ஸையா நினைக்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

இப்போது இருப்பது அம்மாவின் லயம். 12 அடிக்கு 10 அடி அறை, முன்னால் இஸ்தோப்பு, பின்பக்கம் அடுப்பு. தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்பவர் இல்லாத வீடு என்றால் பயம் எப்போதும் இருக்கும். மேசன் பாஸ் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதில ஒட்டினா நிக்காது தங்கச்சி. கரிக்கு மேல சாந்து பிடிக்காது. கொத்தி எடுத்தா அடுத்த வீட்டுப் பூச்சும் சேர்ந்து விழும்" என்றார். எங்கள் அடுப்புச் சுவருக்கு மறுபக்கம் இன்னொரு குடும்பத்தின் அடுப்பு.

வழி சொன்னவன் கனடாவில் இருக்கும் என் சித்தி மகன். அங்கே பஸ் மாதிரியான வண்டிக்குள்ளேயே கட்டில், அடுப்பு எல்லாம் வைத்துக் குடும்பமாக ஊர் சுற்றுவார்களாம். அந்த வீட்டு வண்டிகளைத் திருத்துவதுதான் அவனுக்கு வேலை. வண்டி குலுங்கும், பாரமும் கூடாது. அதனால் மெல்லிய பலகையில் டைல்ஸை ஒட்டி, பலகையை ஸ்க்ரூவால் பூட்டுவானாம். "சுவரில ஒட்டாதீங்க அக்கா, பலகையில ஒட்டுங்க" என்றான்.

8 அடிக்கு 4 அடி சீமெந்துப் பலகை ஒன்று வாங்கி, 4 அடி 4 அங்குல நீளமும் 2 அடி 4 அங்குல உயரமுமாக வெட்டினோம். வெட்டும்போது பலகையை நனைத்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். பழைய அஸ்பெஸ்டஸ் தகட்டை இதற்கு வெட்டவே வேண்டாம். அந்தத் தூசி நெஞ்சுக்குக் கூடாது. 12க்கு 8 அங்குல டைல்ஸ், படுக்கையாக வரிசைக்கு 4, மூன்று வரிசை, ஆக 12 டைல்ஸ். சுற்றிவர இரண்டு அங்குலம் வெறுமையாக விட்டது ஸ்க்ரூ ஆணிக்காக. டைல்ஸ் ஒட்டும் சீமெந்துக் கலவையைப் பூசி, நிலத்தில் படுக்கவைத்தே ஒட்டினேன். சுவரில் என்றால் டைல்ஸ் வழுக்கும், பழகிய கை வேண்டும். நிலத்தில் அந்தக் கஷ்டமில்லை. பாஸுக்கு ஒருநாள் கூலியும் மிச்சம். ஆண்துணை இல்லாத வீட்டில் இது சின்ன விஷயமில்லை. இங்குள்ள குளிருக்கு இரண்டு நாள் காயவிட்டுத்தான் இடைவெளிக்குக் கிரௌட் பூசினேன். மழை குறைந்த தை, மாசியில் செய்வது நல்லது.

பூட்டுவதற்கு மட்டும் பாஸ் வந்தார். நெருப்புப் பக்கம் மரச்சட்டம் வேண்டாம் என்று சொல்லி, சுவரில் உறுதியான இடம் பார்த்து இரண்டு எல் வடிவ இரும்பை இறுக்கினார். அதன்மேல் ஆறு ஸ்க்ரூவில் பலகை நிற்கிறது. எல்லாமாக 20 கிலோவுக்கு மேல் வரும், இரண்டு பேர் தூக்கலாம். நிமிர்த்தித்தான் தூக்க வேண்டும். படுக்கையாகத் தூக்கினால் பலகை வளைந்து கிரௌட் வெடிக்கும்.

விறகடுப்பு உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சுவாலை படும் இடத்தில் டைல்ஸ் வெடித்துவிடும். அடுப்பு நன்றாக எரியும்போது சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வைத்திருக்க முடியாத உயரம்வரை செங்கல்லும் களிமண்ணும்தான், டைல்ஸ் அதற்கு மேலேதான். நான் அடியில் ஓர் அடி அப்படியே விட்டேன்.

டைல்ஸ் வைத்தால் கரியைத் துடைக்கலாம், புகை போகாது. வீட்டுக்குள் சமையல் புகையால் கெடும் காற்றினால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால், முதலில் புகைபோக்கியைச் சரிசெய்யுங்கள். எனக்கு டைல்ஸ் ஆசை அதிகம் என்றாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது.

தோட்டக் குடும்பங்களுக்கு 7 பேர்ச் காணியோடு தனிவீடு என்று சில இடங்களில் வீடுகள் எழும்பியிருக்கின்றன. 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்தபோது, முன்பு ஒப்புக்கொண்ட 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். எங்கள் லயத்துக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. அம்மா பலகையைப் பார்த்து, "எழும்பச் சொன்னா இதையும் தூக்கிட்டுப் போவியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஈரத்துணி எடுத்து டைல்ஸைத் துடைக்க ஆரம்பித்தார்.

பலகையின் மிச்சத் துண்டு சுவருக்கு மறுபக்கம் இருக்கும் அக்காவுக்குப் போயிருக்கிறது. கடிதம் எழுதிய சகோதரி, உங்கள் அடுப்பின் அகலத்தையும் அதிலிருந்து கூரைவரை உள்ள உயரத்தையும் அளந்து அனுப்புங்கள். எத்தனை டைல்ஸ் வேண்டும் என்று கணக்குப் போட்டு அடுத்த மாதம் எழுதுகிறேன்.